கிறிஸ்டோபரின் அட்டையோடு எட்டு நாள்

ஞாயிறு காலை ஏழேகாலுக்குச் சிலாபத்திலிருந்து புறப்பட்டோம். கொழும்புக்கு எண்பது கிலோமீற்றர். கண்டி, அட்டன், பதுளை, குருநாகல் என்று எட்டு நாள் சுற்றி, ஐந்து கோவில் திருநாள் போட்டிகளில் ஆடி, கடைசிக் கிண்ணத்தை எங்கள் வான் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பயணம். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பங்கின் எல்லே குழு. எல்லே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூங்கில் கட்டையால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி வரவேண்டும், ஓடும்போது பந்தால் எறிபட்டால் ஆள் அவுட். அமெரிக்காக்காரரின் பேஸ்போலுக்குத் தொப்பியும் கையுறையும் சம்பளமும் இல்லாத தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் துறைமுகத்தில் கிளார்க், குழுவுக்கு மனேஜர். ஓடவும் தெரியாது, அடிக்கவும் தெரியாது. கடிதம் எழுதுவேன், சோற்றுப் பார்சல் கட்டுவிப்பேன், நடுவரோடு சண்டை பிடிப்பேன். வானில் பத்து ஆட்டக்காரரும் நானும் சாரதி சுனிலும் இருந்தோம். கிண்ணங்கள் வந்ததெல்லாம் அந்தப் பத்துப் பேரில் ஒருவனால்தான். அவன் பெயர் அருள்நாதன், எங்களுக்கு அருள். இருபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வெள்ளவத்தையில் அக்காவோடு ஒரு அறையில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்கு வருவான். அவன் அடித்த பந்தைத் தேடி அட்டனில் தேயிலைக்குள் கால் மணிநேரம் அலைந்தார்கள்.

இந்த இடத்தில் என் கெட்டித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கோவில் போட்டிகளில் அந்தந்தப் பங்கில் பதிந்து ஆறு மாதமாவது ஆனவன்தான் இறங்கலாம். ஆட்டத்துக்கு முன் எல்லாருடைய அடையாள அட்டையையும் மனேஜர் வாங்கி மேசையில் வைக்க வேண்டும். அருள் எங்கள் பங்கில் பதிந்து ஆறு மாதம் ஆகவில்லை. எங்கள் பழைய ஆட்டக்காரன் கிறிஸ்டோபருக்கோ முழங்கால் பிசகி வீட்டில் படுக்கை. அவனுடைய அட்டையை வாங்கி அருளிடம் கொடுத்தேன். பெயர் மாற்றி ஆள் இறக்காத குழுவே கொழும்பில் கிடையாது, இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் சொல்வதில்லை. படமும் பதினாறு வயதில் எடுத்தது, மீசை அரும்பிய எந்தப் பொடியனுக்கும் பொருந்தும்.

“உன்ட ஐசிய வீட்டுலயே வச்சிட்டு வா. ரெண்டையும் மாறி நீட்டினியெண்டா மானம் போயிரும்” என்று அவனுடைய சொந்த அட்டையைப் பற்றிச் சொன்னவனும் நான்தான்.

அவனுடைய அக்கா றீற்றா புறப்படும் நாளில் வான் வரைக்கும் வந்தாள். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துப் போருக்குள்ளிருந்து தம்பியைக் கிளாலிக் கடலால் படகில் கொண்டுவந்து சேர்த்தவள். “அன்ரன் அண்ணை, இவன் ஒருநாளும் தனியத் திரிஞ்சதில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போறபடியாத்தான் விடுறன்” என்றாள். அட்டை மாற்றியதை அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை.

எட்டு நாளும் அந்த அட்டை ராசியாகவே இருந்தது. யாழ்ப்பாணத்து முகவரியோடு போயிருந்தால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அரைமணிநேரம் நின்றிருப்பான். கொட்டாஞ்சேனை என்றதும் சிப்பாய்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேசவேண்டிய இடங்களில் சுனில் கண்ணாடியை இறக்கி, திருநாள், எல்லே, கிண்ணம் என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளிவிடுவான். குருநாகலில் ஒரு சிப்பாய் கட்டையை வாங்கிச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தான். விளையாட்டுக்குச் செய்தது ஊர்ப்பயணத்துக்கும் உதவுகிறதே என்று எனக்குள் பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு நீர்கொழும்பு. கடற்கரைக் கடையில் பாணும் மீன் குழம்பும். ஆளுக்கு நாற்பது ரூபாய், குழம்பு மட்டும் கேட்கக் கேட்க ஊற்றினார்கள். அருள் மூன்று தரம் வாங்கினான். “வீட்டை போனா அக்கா சோறு போடுவா, இப்ப ஏன் இவ்வளவு?” என்று மற்றவர்கள் சீண்ட, “அக்கா மரக்கறிதான் அண்ணை, அவவுக்கு மீன் வெட்டத் தெரியாது” என்றான். கட்டுநாயக்கா, ஜா-எல, வத்தளை என்று வெயில் ஏற ஏற வானில் பாட்டும் ஏறியது.

பதினொன்று இருபதுக்குக் களனிப் பாலத்துக்கு இப்பால் வாகனங்களை ஓரங்கட்டியிருந்தார்கள். பாலம் கடந்தால் வீட்டுக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர்தான். அன்றைக்கு எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். சாரதி மட்டும் இருக்கையிலேயே இருக்க வேண்டும். வரிசையாகப் போய் ஒவ்வொருவராக மேசை முன் நின்றோம். எனக்கு முன்னால் அருள்.

“நம மொகத?” என்று அதிகாரி பெயரைக் கேட்டார். அந்த அளவு அவனுக்குத் தெரியும். “கிறிஸ்டோபர்” என்றான். அடுத்து எந்த ஒழுங்கை, எந்தப் பாடசாலை, தகப்பனுக்கு என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். அருள் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்தவன் நடக்கப் பழக முன்னமே சிங்களம் கதைப்பான். இவனுக்கு ஒரு சொல் வரவில்லை. அதிகாரி அட்டையைக் கீழே வைத்தார்.

நான் முன்னால் போய் முழுவதையும் கொட்டினேன். எல்லே, பங்கு, ஆறு மாதம், முழங்கால். சிங்களத்தில் சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்யாகக் கேட்டது. ஒரு தமிழன் போர்க்காலத்தில் இன்னொருவனுடைய அட்டையோடு எட்டு நாள் நாட்டைச் சுற்றி வந்திருக்கிறான், காரணம் பந்து விளையாட்டு. யார் நம்புவார்? “அப்படியென்றால் சொந்த அட்டை எங்கே?” என்றார். வெள்ளவத்தையில் என்றேன். “கொண்டு வா” என்றார். எங்கள் கண் முன்னாலேயே ஒரு கொப்பியில் பெயரை எழுதினார்கள். அட்டையில் இருந்த பெயரைத்தான் எழுதினார்கள். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக அருளை ஜீப்பில் ஏற்றும்போது, “அண்ணை, அக்காவுக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ” என்றான்.

சுனில் என்னை மருதானை ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, மற்றவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் தான் அந்தப் பொலிஸ் நிலைய வாசலில் நிற்பதாகச் சொன்னான். ஒன்று ஐந்துக்கு ரயில். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. வலது பக்கம் கடல் பாறையில் மோதிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகளோடு தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிற குடும்பங்கள். எதிரே இருந்த ஒரு சிறுமி எனக்கு உரித்த தோடம்பழச் சுளை ஒன்றை நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வெள்ளவத்தையில் இறங்கினேன்.

றீற்றா கதவைத் திறந்ததும் என் பின்னால் பார்த்தாள். பக்குவமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பாலத்தில் பிடித்துவிட்டார்கள், அவனுடைய சொந்த அட்டை வேண்டும் என்றேன்.

“அவன்ர ஐசி ஏன் இஞ்ச கிடக்குது எண்டு எட்டு நாளா யோசிச்சனான்” என்றாள். “விட்டிட்டுப் போயிட்டான் எண்டு நினைச்சு, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். வேணுமெண்டுதான் விட்டவனோ?”

ஓம் என்றேன். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

வழியில் சாவடி சாவடியாக நின்று, மூன்றரைக்கு ஓட்டோவில் பொலிஸ் நிலையம். சுனில் வாசலில் வெயிலில் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. “மாத்தயா, மூன்று மணிக்கு வேறு ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். எங்கே என்று கேட்டேன், என்னையும் ஏற்றப் பார்த்தார்கள்” என்றான். உள்ளே இருந்த சார்ஜன்ட் அருளின் உண்மையான அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். திருப்பித் தரவில்லை. இரண்டு அட்டை வைத்திருந்தான் என்பதற்கு இதுதானே அத்தாட்சி என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். விடுவிப்பதற்கென்று நாங்கள் கொண்டுபோன சாமானை நாங்களே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

திங்கள் அலைந்தது வீண். செவ்வாய் காலை ஒரு பொலிஸ் கந்தோரில், பிடிபட்டவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல ஒத்துக்கொண்டார்கள். அருள்நாதன் என்று யாரும் இல்லை. றீற்றா இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள், பார்த்தார்கள், இல்லை. கிறிஸ்டோபர் என்று பாருங்கள் என்றேன் நான். இருந்தது. உயிரோடு இருக்கிறான் என்று அந்த ஒரு நிமிடம் நாங்கள் இருவரும் அழுதோம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டோம். தாய், தகப்பன் அல்லது கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும்தான் சொல்வோம் என்றார் எழுதுவினைஞர். றீற்றா தன் அட்டையை நீட்டினாள். கிறிஸ்டோபருக்கு அவள் எந்த விதத்திலும் சொந்தமில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் கிறிஸ்டோபரின் தாய் திரேசம்மாவின் வீட்டுக்குப் போனோம். முன்னறையில் கிறிஸ்டோபர் முழங்காலுக்குத் தலையணை வைத்துப் படுத்திருந்தான். திரேசம்மா நல்ல மனுசி, எங்கள் குழுவுக்கு எத்தனையோ தரம் சமைத்துப் போட்டவள். ஒரு தரம் வந்து, என் மகன்தான் என்று கையெழுத்து வைத்தால் இடம் தெரியும், பிறகு வக்கீலைப் பிடிக்கலாம் என்றேன்.

“நா எப்புடி தம்பி அப்புடி சொல்ற?” என்றாள். “என் மகன் உள்ளுக்கு இருக்கிறான்னு எழுதிக் குடுத்தா, இங்க படுத்திருக்கிறவன் யார்னு கேட்டு வருவாங்க. அப்ப இவனையும் தூக்குவாங்க. என்னை மன்னிச்சிருங்க மகள்.” றீற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிறிஸ்டோபர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வெளியே வந்ததும் றீற்றா, “அவ சொல்லுறது சரி அண்ணை. நானெண்டாலும் என்ர தம்பியைத்தான் பாப்பன்” என்றாள். காலி வீதியால் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினோம்.

நான் எத்தனையோ பயணம் போய் வந்திருக்கிறேன். வீட்டு வாசலில் பையை இறக்கியதும் அலுப்பாவது மிஞ்சும். இந்தப் பயணத்தில் பத்துப் பேரைக் கூட்டிப்போய் ஒன்பது பேரைக் கொண்டுவந்தேன். மனேஜர் வேலை என்பது ஆட்களை வீட்டில் சேர்ப்பதுதான், மற்றதெல்லாம் சும்மா. அது எனக்கு அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. கடவுளிடம் கேட்கவும் எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் படியிலேயே காத்திருந்தார். வீட்டில் தங்கியிருப்பவர்களின் பொலிஸ் பதிவுப் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம், நாளை கடைசி நாள். “கோவிக்காதைங்கோ பிள்ளை. ரெண்டு பேர் எண்டு எழுதினா மற்ற ஆள் எங்க எண்டு கேப்பாங்கள். ஒரு ஆள் எண்டு எழுதினா முந்தி இருந்தவன் எங்க போனவன் எண்டு கேப்பாங்கள். என்னவோ ஒண்டை எழுதித் தாங்கோ” என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

றீற்றா அதை மேசையில் விரித்தாள். தன் பெயரை எழுதினாள். அடுத்த கோட்டில் பேனா நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

“நீங்களே எழுதித் தாங்கோ அண்ணை” என்றாள். “உங்களுக்குத்தானே பேர் மாத்தி எழுதத் தெரியும்.”

கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள்.