சுழல வேண்டிய தூண்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒரு கட்டடத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு பிழை செய்தபடியால் எழுதுகிறேன்.

சிட்னியின் மேற்கில் ஒரு பள்ளிவாசலுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தோம். துருக்கியில் ஒட்டோமன் காலத்தில் கட்டிய ஒன்றைப் பார்த்து, அங்கிருந்து வந்தவர்கள் கட்டியது. நடுவில் பெரிய குவிமாடம். அதைத் தாங்கிச் சுற்றிவர அரைக் குவிமாடங்கள். தொழுவிப்பவர் நிற்கும் மாடத்தின் இரு பக்கமும் என் கை மொத்தத்தில் சலவைக்கல் தூண்கள்.

புதன்கிழமை வலப்பக்கத் தூணைத் துடைத்தபோது அது கையோடு சுழன்றது. நான்தான் உடைத்தேன் என்பார்கள். தற்காலிக விசாக்காரன், இந்த வேலை போனால் இன்னொன்று சுலபத்தில் கிடைக்காது. ஒருவரிடமும் சொல்லாமல் தூணின் மேலும் கீழும், வெடிப்பு அடைக்கும் சிலிக்கன் பசையை வைத்து விரலால் வழித்துவிட்டேன்.

வியாழன் பின்னேரம் பள்ளிவாசலைப் பராமரிக்கும் துருக்கியர் வந்து இடப்பக்கத் தூணைச் சுழற்றினார். சுழன்றது. வலப்பக்கத்தை இரண்டு கையாலும் முயன்றார். எங்கள் பெயின்ட் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

முதலாளி என்னைவிட இளையவர். கிரவீன் என்ற புறநகரில் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

"அண்ணை, பில்டிங் இறங்கிட்டுதாம். தூண் சுத்தினால்தான் சுவர் சரியா நிக்குதெண்டு அர்த்தமாம், சுவர் இறங்கினால் தூண் இறுகிடுமாம். பூமி நடுங்கிற நாட்டு முறை. நாளைக்கு வெள்ளி, ஜும்மாத் தொழுகை, ஆக்களை உள்ளுக்கு விட ஏலாதெண்டு எஞ்சினியரைத் தேடுறார்."

"தம்பி, அது இறங்கேல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சிலிக்கன் வைச்சனான்."



"வீட்டிலை குசினிப் பைப் மூண்டு மாசமா ஒழுகுது. அதுக்கு வைக்க உங்களுக்கு நேரமில்லை. போய் அவரிட்டைச் சொல்லுங்கோ."

"இங்கிலீஷிலையோ?"

"ஓம் அண்ணை. அந்தாளுக்குத் தமிழ் விளங்காது."

வாசல்வரை, சொல்ல வேண்டிய ஒரே ஒரு இங்கிலீஷ் வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். துருக்கியரிடம் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே வந்து குனிந்து, தூணின் அடியை விரலால் தடவினார். வைத்தது தெரியவே இல்லை, நல்ல வேலை என்றார். பிறகு எஞ்சினியர் வேண்டாம் என்று போனில் சொன்னார்.

மறுநாள் தொழுகைக்கு முன் சிலிக்கனை வெட்டி எடுத்தேன். தூண் சுழன்றது. வேலை போகவில்லை. சிலிக்கன் பசை அடிக்கும் துவக்கை மட்டும் முதலாளி வானுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.