துண்டுக்கடியில் ஒரு விலை

முதல் உலகப் பெரும்போர் முடிந்து மெசபத்தோமியாவிலிருந்து என் பெரியப்பா ஊர் திரும்பியபோது, அவருடைய வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே எஞ்சியிருந்தன. படைக்குச் சாலை அமைக்கும் பிரிவில் இருபதாண்டு உழைத்துச் சுபேதாராக உயர்ந்தவர் அவர். பாறை பிளக்க வைத்த வெடிமருந்து மற்ற மூன்றையும் கொண்டுபோயிற்று. அந்த மூன்று விரல்களாக ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பணியாற்றியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மலபாரின் கிழக்கு எல்லையிலுள்ள வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் எவரும் வாய்விட்டு விலை கூறுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கைகுலுக்குவதுபோல் கை கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு விரிக்கப்படும். துண்டுக்கடியில் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையே விலை. ஒரு விரல் நூறு. முழுக் கை ஐந்நூறு. சுற்றி நிற்கும் நூறு கண்களுக்கும் துண்டு அசைவது மட்டுமே தெரியும். பிடித்த விலை அவ்விருவருக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதும், பிடித்ததை மாற்றிக் கூறுவது தீராப் பழி என்பதும் அங்கே எழுதாச் சட்டங்கள்.

இடக்கையை நீட்டுவது அங்கே அவமதிப்பு; வலக்கையில் இரு விரல் மட்டுமே உடையவர் இந்தக் கணக்கில் என்ன செய்வார்? “சுபேதாரு கையில வெல ரெண்டத் தாண்டாதுங்க” என்று தரகர்கள் நகைத்தனர். பெரியப்பாவும் உடன் நகைத்துவிட்டு, அடுத்த வாரம் என்னை அழைத்துச் சென்றார். என் கை துண்டுக்குள் போகும்; நான் உணர்ந்த எண்ணை அவர் செவியில் மட்டும் சொல்வேன். “பொட்டப் புள்ளைய மாட்டுச் சந்தைக்கா கூட்டிட்டுப் போவாங்க?” என்று அம்மா கடிந்துகொண்டார். “எண்ணத் தெரிஞ்ச புள்ளையத்தான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் பெரியப்பா. அன்று முதல் பள்ளியில் என் நடை சற்றே மாறிவிட்டதாகத் தோழியர் குறைகூறினர்.

உழவோடு அவருக்கு வேறொரு வேலையும் இருந்தது. ஓய்வூதியம் வராத படைவீரர், கணவனைப் போரில் பறிகொடுத்தும் ஒரு கடிதம்கூடப் பெறாத பெண்கள் எனப் பலரும் எங்கள் வீட்டைத் தேடி வந்தனர். இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டு, அவர்களுக்காகக் கோவைக்கும் சென்னைக்கும் விண்ணப்பங்கள் விடுத்தவண்ணம் இருந்தார். விடைகள் அரிதாகவே வந்தன. ஒருநாள் மாலை, “இனி எழுதிப் பிரயோசனமில்ல, நேர்ல போயித்தான் கேக்கோணும்” என்றார். தில்லிச் சட்டப் பேரவைத் தேர்தலில் அவர் நிற்கப்போகும் செய்தியை வீட்டார் அறிந்தது அவ்வாறுதான்.

கடற்கரை வரை நீண்டு கிடந்த தொகுதி அது. குறித்த அளவு நிலவரி செலுத்துவோர்க்கே வாக்குரிமை. எதிர்த்து நின்றவர் பெருநிலக்கிழார். கிழக்குப் பக்கத்து உழவர் வாக்குகள் சிதறாமல் விழுந்தாலன்றிப் பெரியப்பாவுக்கு வழியில்லை. அவ்வுழவர் அனைவரையும் ஒருசேரக் காண உகந்த இடம் சந்தையே. ஆதலால் தேர்தலுக்கு இரு வாரம் முன்னதாக நாங்கள் அங்கே சென்றது மாடு வாங்கவன்று, வாக்குக் கேட்கவே.

வண்டியை இழுத்து வந்தவற்றுள் ஒன்று எங்கள் மயிலைக்காளை. கன்றாக இருந்தபோதே என் கையிலிருந்து புல் தின்றது. தேர்தல் செலவுக்காக எதையேனும் விற்க நேரும் என்று அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டதை முந்தைய நாள் நான் கேட்டிருந்தேன். அந்த ‘எதையேனும்’ என் நெஞ்சில் நான்கு கால்களும் திமிலும் கொண்டு நின்றது.

சந்தையின் மூத்த தரகர் எங்களைச் சற்றே ஒதுக்கமாக அழைத்தார். முப்பதாண்டுகளாக அங்கே கை மாறிய மாடுகளுள் பாதி அவருடைய துண்டுக்கடியில் மாறியவையே. “சுபேதாருகளே, ஒரு பேச்சுங்க. கையக் குடுங்க” என்று துண்டை விரித்தார். பெரியப்பா ஒருகணம் அவர் முகத்தை உற்று நோக்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கையை நீட்டினேன்.

நிலக்கிழார் அனுப்பிய ஆளாகத் தரகர் வந்திருந்ததையும், பெரியப்பா போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொள்வதற்கான விலையே அது என்பதையும் நான் அறியேன். என் விரல்கள் அறிந்தது எண்ணை மட்டுமே. முழுக் கையையும் பற்றினார், விட்டார், மீண்டும் முழுக் கையையும் பற்றினார். பத்து. எந்தக் காளைக்கும் எவரும் பிடித்திராத விலை. மயிலை போய்விட்டது என்று என் உள்ளம் துணுக்குற்றது. இவ்வளவு பெரிய தொகையை யார்தான் மறுப்பார்?

பெரியப்பா குனிந்தார். அவர் செவியில், “ஒண்ணு” என்றேன்.

அவர் நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே பத்துப் பேர் திரும்பினர்.

“ஒண்ணுதானுங்களா? ஏனுங்க, என்ற மயிலைக்காளைக்கே ஒண்ணரை கேக்கறாங்க. நானு மாட்டுக்கும் கீழ போயிட்டனா?”

தரகர் முகம் கறுத்தது. தொழிலில் அவருக்கு இருந்த பெருமிதம் அவருடைய அறிவை முந்திக்கொண்டது. “ஆருங்க ஒண்ணு புடிச்சது? பத்துங்க! பத்துப் புடிச்சேன்! முப்பது வருசமாத் தரகு பாக்கறவனுக்கு எண்ணத் தெரியாதுங்களா?”

கயிறு விற்றுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். “பத்தா! எந்த மாட்டுக்குங்க பத்து?”

“மாடு ஒண்ணையுங் காணமே. சுபேதாருதான நிக்கறாரு” என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். சிரிப்பு கயிற்றுக் கடையில் தொடங்கி, கன்றுகள் கட்டியிருந்த வரிசையைத் தாண்டி, எல்லைச் சாலை வரை பரவியது. யார் அனுப்பிய பத்து, எதற்கான பத்து என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தரகர் துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

வண்டியில் திரும்பும்போது பெரியப்பா மெல்லக் கேட்டார். “அம்முணி, அவரு மெய்யாலும் எத்தன புடிச்சாரு?”

நான் அழுதுகொண்டே உண்மையைக் கூறினேன். மயிலையைப் பற்றியும் கூறினேன். அவர் கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தேன். அவரோ கை நீட்டி மயிலையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அன்றிரவு சந்தையில் நடந்ததைக் கேட்டு அப்பா மகிழ்ச்சியில் திளைத்தார். பெரியப்பா தம் முடிவைச் சொன்னதும் அம்மகிழ்ச்சி அவிந்தது. அடுத்த சந்தையன்று சென்று தரகரிடம் பொறுத்தருளுமாறு கேட்கப்போவதாக அவர் கூறினார்.

“வெல பேச வந்தவனுட்டயா மன்னிப்பு? நீங்க அவனுட்டப் போயி நின்னா, பணம் வாங்கிக்கிட்டாருன்னுதானுங்கண்ணா ஊரு பேசும். இருக்கற ஓட்டும் போயிரும்.”

“போனாப் போகுது. அவரு பத்துன்னு புடிச்சத நானு ஒண்ணுன்னு கத்திப்போட்டேன். அது பொய்யி.”

“வேணும்னா சொன்னீங்க? புள்ள சொன்னதத்தான சொன்னீங்க?”

“சந்தையில கத்துனது ஆரு? நாந்தான.”

அடுத்த வாரமும் என்னை உடன் அழைத்துச் சென்றார்; அப்பாவும் வந்தார். சந்தை நிறைந்திருந்தது. தரகர் எதிரே சென்று, அணிவகுப்பில் நிற்பவர்போல் நிமிர்ந்து நின்று, அனைவரும் கேட்கும்படி கூறினார்: “போன சந்தையில நீங்க ஒண்ணு புடிச்சதாச் சொன்னேனுங்க. தப்பு. நீங்க புடிச்சது பத்து. நீங்க கேட்டது எனக்கு ஒப்பாது; அது வேற. ஆனா கணக்குல உங்க மேல கொறையில்லீங்க. பொறுத்துக்கோணும்.”

யாரோ ஒருவர், “ஏதோ பேசி முடிச்சுட்டாங்களாட்ட இருக்குது” என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

தரகர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏனுங்க சுபேதாருகளே, ஊரே இப்பத்தான் அந்தப் பத்த மறந்துச்சு. மறுக்காவும் எடுத்து நடுச்சந்தையில வெக்கறீங்களே! இது மன்னிப்புங்களா, தண்டனைங்களா?”

மீண்டும் சிரிப்பு எழுந்தது. இம்முறை தரகரும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியோர் முன் மட்டுமே அவர் அவ்வாறு செய்வார் என்று பின்னர் அப்பா வியந்து கூறினார்.

நான் வியக்கவில்லை. மயிலையைக் கவர வந்தவரிடம் இவர் ஏன் பணிகிறார் என்று எனக்குச் சினம் பொங்கியது. வண்டியில் அவருக்கு முதுகு காட்டியே அமர்ந்து வந்தேன்.

மலபாரின் மேற்கே அவருக்கு வாக்குகள் மிகுதியாக விழவில்லை. கிழக்குப் பக்கமோ ஒரு வாக்கும் பிசகாமல் விழுந்ததாகக் கூறினர். தரகர் தம் வண்டியிலேயே முதியவர்களை வாக்குச்சாவடிக்கு ஏற்றி வந்தாராம். பெரியப்பா வென்றார். தில்லியில் அவர் கழித்த ஆண்டுகளில், போர்க் கைம்பெண்களுக்காக எழுப்பிய வினாக்கள் எத்தனை பேர் வீட்டு அடுப்பை எரியவைத்தன என்பதை நான் வளர்ந்த பின் அறிந்தேன். பேரவையில் பேச இடம் கேட்டு அவர் உயர்த்திய கை அந்த இரு விரல் கைதான்.

தில்லிக்குப் புறப்படும் முன், வீட்டுக்கு ஒரு கறவை மாடு வாங்கித் தந்துவிட்டுப் போக விரும்பினார். அன்று விடிகாலையில் வண்டி பூட்டியதும் உள்ளே எட்டிப் பார்த்து, “கெளம்பு அம்முணி. கை வேணும்” என்றார்.

பொய் சொன்ன கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நான் நின்றேன். நான் வண்டியில் ஏறும்வரை அவர் காத்திருந்தார். அன்றும் துண்டுக்கடியில் நான் உணர்ந்த எண்ணை அவர் செவியில் சொன்னேன். மறுமுறை கேட்காமல், தரகர் முகத்தைக்கூட நோக்காமல், அந்த விலைக்கே மாட்டைப் பிடித்துக்கொண்டார்.

வேறு கை கிடைக்காததால்தான் என்னை அழைத்து வந்திருக்கிறார் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.