பாட்டு முடிந்த பிறகு வரும் குரல்

உயிரோடு இருக்கும் என் மனைவியின் குரலை, இறந்துபோன ஓர் அம்மாளின் குரல் என்று சொல்லி, அந்த அம்மாளின் கணவரிடம் கொடுத்தவன் நான்.

தெரிந்தேதான் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போகும் காரணங்களைக் கேட்டு நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. நெற்றி நிறைய விபூதி இல்லாமல் பஸ் ஏற மாட்டேன். அந்த விபூதியை நம்பித்தான் அந்தக் கணவர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி, என்னிடம் வந்து கேட்டார்!

எங்கள் தெருவில் பிரதோஷத்துக்குப் பாடும் பஜனைக் குழு ஒன்று உண்டு. பாடுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். மைக் கட்டுவதும் பாட்டைப் பதிவு செய்வதும் என் பொறுப்பு. போனில் பதிவு செய்து, வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைப்பேன். ஏற்றியதும் போனில் உள்ளதை அழித்துவிடுவேன். போனில் இடம் பற்றாது. பாடியவர் பெயர், பாட்டின் முதல் வரி, எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நானே பெயரிட்டு வைத்திருந்தேன். பல வருடத்துப் பாட்டுகள். சுவாமிக்கு நான் செய்த தொண்டு என்று அதைத்தான் நினைத்திருந்தேன்.

குழுவில் முதல் குரல் கோமதி மதினியுடையது. பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மனைவி. தானே பாட்டுக் கட்டுவார். ‘மருந்து கேட்டு வந்தேன், மடியைத் தந்தாய் ஐயா’ என்று தொடங்கும் பாட்டு அவர் கட்டியதுதான். என் மனைவி பார்வதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் பழகியவள். மதினி மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் மூச்சு வாங்குவாள்.

ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே மதினி நெஞ்சு வலித்துப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ஏலே முருகேசா, அவ பாட்டை மட்டும் எங்கேயும் போட்டுறாத. என்னால தாங்க ஏலாது.”

நான் போடவில்லை. டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது என்றிருந்தேன்.

மதினி போய் ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபையர், மைக் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சுவாமி படத்தின் முன்னால் தட்டில் வைத்தேன். எத்தனை நாமாவளி அதற்குள் இருக்கிறது! குழைத்த சந்தனத்தை அள்ளி அதன் நெற்றியில் வைத்தேன்... நெற்றி என்று நான் நினைத்தது வயர் சொருகுகிற வாய். பூஜை முடிந்து கலசத் தண்ணீரை மாவிலையால் எல்லாவற்றின் மேலும் தெளித்தேன். அதன்மேல் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தேன், ஐயா!

மறுநாள் வயரைச் சொருகினேன். டிக், டிக் என்று இரண்டு சத்தம். அவ்வளவுதான்.

பக்தியால் கெடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையிலும் அதையே சொன்னேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணே, கரண்டா? உள்ள சந்தனம்லா மணக்குது! டிஸ்க்குக்கு அபிஷேகம் பண்ணினியளோ?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரத்திலேயே அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். மதினிக்குத் தலைத் திவசம் நெருங்கியிருந்தது.

“அவ பாட்டைப் போடுவோம்லே. ஒரு வருசம் கேக்காம இருந்துட்டேன். இனிமே முடியாது. திவசத்தன்னைக்கு அவ குரல் வீட்டுல கேக்கணும்.”

டிஸ்க் பழுதாகிக் கிடக்கிறது என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மீட்டுவிடலாம் அண்ணாச்சி என்றும் சேர்த்துச் சொன்னேன். “நீ சொன்னாப் போதும்லே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வழியாகக் கடைக்காரர் போர்டு மாற்றி, உள்ளே கிடந்ததை வேறு டிஸ்க்குக்கு எடுத்துக்கொடுத்தார். “பாட்டு வந்திருச்சுண்ணே, பேருதான் வரல. கடையில வாங்கின பாட்டுன்னா உள்ளேயே பேரு இருக்கும். நீங்க பதிஞ்சதுக்கு வெறும் நம்பர்தான். ஒவ்வொண்ணாக் கேட்டுத்தான் பேரு வைக்கணும். பாதி பாட்டு நடுவுல கர்ருன்னு போயிரும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போவேன். யார் யாரோ பாடினார்கள். கூட்டமாகப் பாடினார்கள். மதினி தனியாகப் பாடியது ஒன்றும் அகப்படவில்லை. ‘மருந்து கேட்டு’ என்று தொடங்கிய ஒன்றும் இரண்டாம் வரியிலேயே கர்ர் என்று செத்தது. திவசமோ நெருங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் முத்துலட்சுமி முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேலி செய்வாள்.

“என்னண்ணே, தினமும் கண்ணை மூடிக் கேக்கிய! பார்வதி மதினிக்குத் தெரியுமா, யாரு பாடுதான்னு?”

அவள் விளையாட்டாகக் கேட்டாள். அந்தக் கேள்விதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது!

ஒரு காலையில் அகப்பட்டது. முழுப் பாட்டு. மருந்து கேட்டு வந்தேன்... குழைவு, இழைவு, மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் மதினியேதான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு நிறுத்தி, அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“கெடச்சிருச்சு அண்ணாச்சி! முழுசாக் கெடச்சிருச்சு!”

மறுமுனையில் அழுகை. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் சின்னப்பிள்ளை போல விம்மி அழுதார்.

போனை வைத்துவிட்டு மிச்சத்தைக் கேட்டேன். பாட்டு முடிந்தது. முடிந்த பிறகு மதினியின் பேச்சுக் குரல் வந்தது.

“நல்லாப் பாடுனட்டி பார்வதி. நேரம் ஆயிப்போச்சு... அவிய காப்பிக்குக் காத்துக்கிட்டு இருப்பாவ. நான் வாரேன்.”

பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் இறங்கவேண்டிய இடமும் போய்விட்டது.

பாடியது என் மனைவி! தாலி கட்டியவளின் குரலைக்கூடத் தெரியாதவனா நான்? பஸ் இரைச்சல் என்று சொல்லலாம். கிடைக்கவேண்டும் என்ற ஆசை காதை ஏமாற்றியது என்றும் சொல்லலாம். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்... அவள் பாடும்போதெல்லாம் நான் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கேட்டதே இல்லை.

அப்போதே மறுபடி போன் போட்டிருக்கலாம். தப்பாகச் சொல்லிவிட்டேன் அண்ணாச்சி என்று ஒரே வாக்கியம். அந்த அழுகையைக் கேட்டபின் வாய் வரவில்லை. இது இரக்கமா, கோழைத்தனமா? இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பாட்டு முடிகிற இடத்தில் வெட்டினேன். மதினியின் பேச்சைத் தனியாக எடுத்துப் போனில் வைத்துக்கொண்டேன். பாட்டுக்கு ‘கோமதி மதினி’ என்று பெயர் தட்டினேன். ஒற்றை விரலால்தான்.

அண்ணாச்சி ஆயுள் முழுக்க இராஜபாளையத்தில் நூல் மில்லில் நின்றவர். மிஷின் சத்தத்தில் காது போய், இப்போது காதுக்கு மிஷின் மாட்டியிருக்கிறார். கண்டுபிடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். பாருங்கள், எதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கிறேன்!

திவசத்தன்று மதினி படத்தின் அருகே ஸ்பீக்கர் வைத்தார்கள். அண்ணாச்சி ஸ்பீக்கருக்கே பூச்சரம் சுற்றி, ஊதுவத்தி காட்டினார். பாட்டு தொடங்கியது. கண்ணை மூடித் தலையை ஆட்டினார். நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். பார்வதி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“தாலியோட நிக்கேன். எங்குரலுக்குத் திவசம் பண்ணி வச்சுட்டியளே?”

நடந்ததைச் சொன்னேன். பஸ், போன், அழுகை, எல்லாம் சொன்னேன். மெதுவாகக் கேட்டாள்.

“மொதல்ல கேட்டப்போ... நெசமாவே நாந்தான்னு தெரியலையா?”



அடுத்த பிரதோஷத்திலிருந்து அவள் பாடுவதில்லை. தொண்டை சரியில்லை என்று குழுவில் சொல்லிவிட்டாள். “நான் பாடுனா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அண்ணாச்சிக்குப் புரிஞ்சுபோகும். அவிய நிம்மதியா இருக்கட்டும்” என்றாள். அவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து கைமட்டும் தட்டுகிறாள். அடுப்படியில்கூட வாய்க்குள் முணுமுணுப்பதில்லை. ஒரு குரலை மீட்கப்போய் ஒரு குரலை அடைத்துவிட்டேன்.

போன பிரதோஷத்தன்று அண்ணாச்சி வீட்டு வாசலில் என்னை நிறுத்தினார். உள்ளே அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“முருகேசா, ஒரு சந்தேகம்லே. பாட்டு முடிஞ்சதும் அவ சும்மா எந்திரிக்க மாட்டா. ‘அவிய காத்துக்கிட்டு இருப்பாவ, நான் வாரேன்’னு யார்ட்டயாச்சும் சொல்லிட்டுத்தான் வருவா. வாசல்ல நின்னு எத்தனை நாள் கேட்டிருக்கேன்! அது இதுல இல்லையே?”

என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதற்குள் அது இருந்தது.

‘நல்லாப் பாடுனட்டி பார்வதி’ என்பதை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை யோசித்தேன். ஆனால் பாட்டை ஒட்டி அந்தப் பேச்சைக் கேட்டால், இரண்டும் ஒரே குரல் இல்லை, பாடியது அவரில்லை என்று அரைக் காதுக்கும் தெரிந்துவிடும். கட்டியவளின் பேச்சுக்கு அந்த மனிதர் வாசலில் நின்று காதைக் கொடுத்தவர், என்னைப்போல் இல்லை.

“மிஷின் அம்புட்டுதான் மீட்டுச்சு அண்ணாச்சி” என்றேன்.

அவர் தலையாட்டினார். “போவுது. இம்புட்டாச்சும் கெடச்சுதே... நீ நல்லா இருப்ப” என்று என் நெற்றியைப் பார்த்துக் கும்பிட்டார்.

தினமும் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதைப் போட்டுக் கேட்கிறேன். அவிய காப்பிக்குக் காத்துக்கிட்டு இருப்பாவ... நான் வாரேன் என்கிறார் மதினி. அவர் போய்ச் சேரவேண்டிய வீடு என் பக்கத்து வீடு. நான்தான் அவரை என் பைக்குள் வைத்துக்கொண்டு இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன்.