துருவத்து மூஞ்சூறு

விலங்கியல் முதுகலையில் நானும் என் தோழியும் ஒரே மேசையில் மூஞ்சூறு அறுத்தவர்கள். வடதுருவத்தை ஒட்டிய, மரமே வளராத துந்திரா சமவெளியில் சின்ன விலங்குகளை ஆராய உதவித்தொகை தருகிறார்கள் என்று கண்டுபிடித்தது நான்தான். விண்ணப்பத்தை நகலெடுத்து அவளுக்குக் கொடுத்ததும் நான்தான். இருவரும் அனுப்பினோம். அவளுக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் அவள் விமானம் ஏறினாள். நான் அன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனேன்.

கடிதம் எழுதுவாள். அங்கிருக்கும் மூஞ்சூறு ஒரு ரூபாய் நாணயம் இரண்டின் கனம்கூட இருக்காதாம். முதுகு கரும்பழுப்பு, விலா வெளிர்பழுப்பு, வயிறு சாம்பல். குளிர்காலத்திலும் உறங்கிக் கிடக்காது; பனிக்கு அடியில் பூச்சி தேடி ஓடிக்கொண்டே இருக்கும். சில மணி நேரம் தின்னாவிட்டால் செத்துப்போகும். அந்த இனத்துக்குக் குளிர் வந்தால் மண்டையோடே சுருங்கி, வசந்தத்தில் மறுபடி வளருமாம். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரியும். மடித்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் படிப்பேன்.

ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாள்: "நம்மூரு மூஞ்சூறுக் குட்டிக ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு வரிசையாப் போகும்னு படிச்சமே, நான் பாத்ததே இல்ல. நீ பாத்தா எழுதுடி."

அடுத்த மாதமே பார்த்தேன். கணபதி என்னும் பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவின் லேத் பட்டறை. அங்கே சுவரோரமாகத் தாய் முன்னால் போக, அதன் பின்புறத்தை ஒரு குட்டி கவ்வியிருக்க, அதை அடுத்தது கவ்வியிருக்க, ஒரே கயிறு போல வளைந்து போயின. நான் எழுதவில்லை. இதுவாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அம்மா அவளை விடவே இல்லை.

"அத்தன குளுருல போயி மூஞ்சூறத்தானா கண்ணு பாத்துட்டு இருக்கறே? இங்க பட்டறையிலயே ஓடுதே!"

"அது வேறைங்கம்மா" என்று சிரித்தபடி போட்டோக்களை எடுத்துக் காட்டினாள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கல்லூரி நோட்டுகளை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "குட்டிக வரிசையாப் போறத நான் பாத்துப்போட்டேன்" என்றேன். "நீ கேட்ட அடுத்த மாசமே."

"எழுதவே இல்லியே?"

"எழுதப் பிடிக்கல. நீ போயிட்டே, நான் போகல. அதான்."

கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவளோ பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"எத்தன குட்டி?"

"நாலு."

"தாய எந்த எடத்துல கவ்வுச்சு?"

கேட்கக் கேட்கச் சொன்னேன். நான் அதை எங்குமே எழுதி வைத்திருக்கவில்லை. அவள் கையெழுத்து அப்போதும் என்னுடையதைவிட அழகாக இருந்தது.