ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர்

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் யாரோ திருத்தித்தான் இந்தப் பத்தி வாராவாரம் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த முறை பிழைகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் — ஒரு மாங்கன்று.

என் மனைவி வசந்தி பிறந்த கிளிவெட்டி வீட்டு வளவில் ஒரு மாமரம் நின்றது. போன வருஷத்துக் காற்றில் விழுந்துவிட்டது. பச்சை காய்வதற்குள் அவளுடைய தம்பி கொப்பு வெட்டி நாலு காட்டு மாங்கன்றுகளில் ஒட்டினான். பிடித்தது ஒன்றுதான். அதை பஸ்ஸில் மடியில் வைத்து எங்கள் உப்புவெளிக்குக் கொண்டுவந்தாள்.

ஐப்பசி முதல் மழைக்கு நட்டவன் நான். எங்கள் மணலில் தென்னை தவிர வேறெதை வைத்துப் பழக்கம்? ஆழமாகக் கிடங்கு வெட்டினேன். அடியில் தேங்காய் மட்டை. கன்றின் கழுத்துவரை மண். தென்னையைப் பிள்ளை என்கிறோம், மாவைக் கன்று என்கிறோம். சும்மாவா பெயரை வேறாக வைத்தார்கள்? அது அப்போது என் புத்தியில் ஓடவில்லை.

இலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டின. யாரிடமும் கேட்கக் கூச்சம். வசந்தி சமைத்தபடி குசினி ஜன்னலால் பார்ப்பாள். நான் குனிந்து புல் பிடுங்குவேன்.

போன கிழமை அடியில் ஒரு தளிர் கண்டேன். வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மறுநாள், சைக்கிளில் கன்று விற்கும் கிண்ணியாக்காரர் — அண்ணன் முறைக்கு நானா என்போம் — வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, தென்னம்பிள்ளை மாதிரித் தாட்டு வெச்சிருக்கீங்க?”

உள்ளே வந்து மணலைக் கிளறினார்.

“ஒட்டின இடமே மண்ணுக்குள்ள கிடக்கு. தளிர் அதுக்குக் கீழால வந்திருக்கு. இது உங்கட மரம் இல்ல, காட்டு மா. முறிச்சுப் போடுங்க. விட்டா சத்தெல்லாம் இதுதான் குடிக்கும்.”

“மேல ஒண்டும் இல்லையே, நானா.”

“நகத்தால சுரண்டிப் பாருங்க. பச்சை இருந்தா உசிர் இருக்கு.”

சுரண்டினேன். பச்சை போலவும் இருந்தது, மஞ்சள் போலவும் இருந்தது.

“நீங்களே முறியுங்கோ,” என்றாள் வசந்தி. “எனக்கு ஏலாது.”

பச்சையாக நிற்பதை முறித்துவிட்டு, காய்ந்த குச்சிக்குக் காவல் இருப்பதா? படித்தவர்கள் இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது பயம்.

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். இன்று காலை, ஒட்டுவரை மண்ணை விலக்கிவிட்டு, தளிரை முறித்தேன். சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது.

மேலே இன்னும் ஒன்றும் இல்லை. இன்று மார்கழி நான்கு. இன்றிலிருந்து நாள் எண்ணுகிறேன்.