உமிதோ என்று எழுதிய பெட்டி

இத்தாலியில், பொலிதேயாமா என்ற நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள ஒரு கண்காட்சி மண்டபத்தில் பல வருடங்களாகத் துப்புரவு வேலை செய்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு இப்போது நான் பெரிய ஆள். அதனால், நான் ஒரு காட்டையே குப்பையில் கொட்டிய கதையை அவர்கள் என் வாயாலேயே கேட்பது நல்லது. மற்றவர்கள் இன்னும் கூட்டிச் சொல்கிறார்கள்.

அது நியூசிலாந்தின் கிவிப் பறவை பற்றிய கண்காட்சி. பறக்கத் தெரியாத பறவை. அது வாழும் புல்வெளி, மணல்மேடு, ஈரக்காடு மூன்றையும் மேலே திறந்த கண்ணாடித் தொட்டிகளில் காட்டுவதாக ஏற்பாடு. பொறுப்பாக இருந்தவர் ஒரு தொத்தொரெசா. படித்த பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். அந்த வாரம் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. புது ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே வசிக்கும் அனுமதி, புதுப்பிக்கலாம். ஆகவே கேட்காத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தேன். அதில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது.

திறப்பு நாள் காலையில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் ‘உமிதோ’ என்று கொட்டை எழுத்து. உள்ளே அழுகிய இலை, பாசி, உளுத்த மரம். சமையல் கழிவு போடும் வாளிக்கு இந்த ஊரில் உமிதோ என்றுதான் பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்வாசலில் நிற்கும் ஆளுயர வாளியில் கவிழ்த்தேன்.

தொத்தொரெசா வந்தார். நாங்கள் பேசியது இத்தாலியனில். என் தலைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது.

“அந்தோனியோ, உமிதோ எங்கை?”

“எறிஞ்சிட்டன், தொத்தொரெசா. பெட்டியையும் கழுவி வைச்சிருக்கிறன்,” என்றேன், பாராட்டுக்குக் காத்துக்கொண்டு.

“ஐயோ, அது ஈரக்காடு! உமிதோ எண்டால் ஈரம்! பின்னேரம் சனம் வரப்போகுது!”

என் பெர்மெஸ்ஸோ குப்பை லொறியில் ஏறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. பின்வாசலுக்கு ஓடினேன். வாளி நின்றது; ஆனால் பக்கத்துக் கோப்பிக்கடைக்காரன் தன் கோப்பிச் சக்கை முழுவதையும் காட்டின் மேல் கொட்டியிருந்தான். கூட வேலை செய்யும் மன்னார் செல்வி அக்கா என் காலைப் பிடித்துக்கொள்ள, தலைகீழாக உள்ளே இறங்கினேன்.

“தம்பி, மூக்கைப் பொத்து!”

“மூக்காலதான் அக்கா தேடுறன்! கோப்பி மணக்காததெல்லாம் காடு!”

பின்னால் தொத்தொரெசாவின் குரல் கேட்டது. “கிவிக்கும் சொண்டு நுனியிலைதான் மூக்கு. இப்பிடித்தான் குத்திக் குத்தி, மணந்து மணந்து இரை தேடும்.” திட்டுகிறாரா, பாடம் நடத்துகிறாரா என்று வாளிக்குள் இருந்தவனுக்கு விளங்கவில்லை.

பின்னேரம் ஈரக்காடு தன் தொட்டியில் இருந்தது. ஒரு சிறுமி எட்டி மணந்துவிட்டுத் தாயைக் கேட்டாள்: “அம்மா, கிவி கோப்பி குடிக்குமா?” நான் கூட்டும் தும்புத்தடியோடு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

புதியவர்களே, ஒரு சொல் தெரிந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றும் பாருங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள்.

அடுத்த நாள் ஒப்பந்தம் கைக்கு வந்தது. கையெழுத்து இருந்ததைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் வேலை விவரத்தைப் பார்த்தேன். ‘துப்புரவு’ என்று அச்சடித்திருந்ததற்குப் பக்கத்தில் தொத்தொரெசா பேனாவால் எழுதியிருந்தார்: ‘காடுகள் நீங்கலாக’.