திரும்பி வர மூன்று டிக்கெட்

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும், ஆப்பிரிக்காவுக்குக் குடிபோக நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் என் வீட்டுக்காரர், நான், இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஏழு. ஊரிகத்தில் தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். சுரங்கத்துக்குள்ளே பாறையில் துளை போடுகிற மிஷின் ஓட்டுவது அவர் வேலை. பதினெட்டு வயசில் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் ஏறி இறங்கியவருக்கு அப்போது முப்பத்தெட்டு நடந்தது.

ஒரு கடிதம்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த சிநேகிதர் ஒருத்தர், இரண்டு வருஷம் முன்னால் ஆப்பிரிக்காவில் செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் எழுதியிருந்தார்: 'மிஷின்காரனுக்கு இங்கே நல்ல மரியாதை. மூன்று வருஷ ஒப்பந்தம். வீடு தருவார்கள். கப்பல் செலவு மட்டும் நம்முடையது. குடும்பத்தோடு வந்துவிடு, நான் சொல்லி வைத்திருக்கிறேன்.' அங்கே கொடுக்கிற சம்பளத்தையும் எழுதியிருந்தார். அதை நான் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கி மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். போய்த்தான் ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியவளின் பழைய ஸ்கூல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கணக்கு எழுத ஆரம்பித்தார். எட்டாவது வரை படித்தவர். ஏ, பி என்று பிரித்து, கோடு போட்டு, பைசா வரைக்கும் எழுதுவார். பம்பாய்க்கு ரயில். பம்பாயில் கப்பலுக்குக் காத்திருக்கிற நாட்களுக்குச் சத்திர வாடகை. கப்பலில் பெரியவர்களுக்கு முழு டிக்கெட் இரண்டு, பன்னிரண்டு வயசு ஆகாத பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் இரண்டு. கப்பலை விட்டு இறங்கி சுரங்கம் இருக்கிற ஊருக்கு பஸ்ஸில் இரண்டு நாள். அம்மைப்பால், மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், ஷூ. வரவுப் பக்கத்தில் என் வளையல் நாலு, சீட்டுப் பணம், பித்தளை அண்டா, கட்டில், அலமாரி, சைக்கிள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் பூமி அடிக்கடி அதிர்ந்தது. கீழே எங்கேயோ பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். 'பர்ஸ்ட்' என்று எங்கள் ஊரில் சொல்வோம். மேலே அடுக்கு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்போம். ஷாப்ட், அதாவது சுரங்க வாய்ப் பக்கமிருந்து சைரன் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்போம். வரவில்லை என்றால் அவரவர் அடுப்புக்குத் திரும்பிப் போவோம். இதையெல்லாம் விட்டுப் போகப் போகிறோம் என்று நினைத்தேன். அங்கேயும் அவர் இறங்கப் போவது சுரங்கத்தில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் உறுத்தியது பாஸ்போர்ட். லைனில் விசாரித்தபோது பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் புருஷன் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். செலவு குறையும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உனக்குத் தனியா எடுத்துடலாம். பசங்களை உன்னுதுல சேத்துடலாம்."

"இன்னாத்துக்கு? வீண் செலவு."

"இருக்கட்டும்மே. நாலு பேரும் ஒரே புஸ்தகத்துல இருந்தா, எங்கயாவது தொலைஞ்சா இன்னா பண்றது?"

சரி, விவரமாகத்தான் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்தது என் தையல் மிஷின். லைனில் நான் ரவிக்கை, பாவாடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விற்கிற சாமான் பட்டியலில் நானே அதை முதலில் எழுதினேன். நல்ல விலை போகும். மறுநாள் பார்த்தால் அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது.

"மிஷினை விக்க வேணாம்," என்றார். "உங்க அண்ணன் கடையில போட்டுட்டுப் போலாம்."

என் அண்ணன் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. அதற்கும் என் வீட்டுக்காரர் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். அறையை வேறு யாருக்கும் விடக்கூடாது, மூன்று வருஷத்துக்கு மாசம் இவ்வளவு தந்துவிடுகிறேன் என்று. அந்த வாடகையும் கணக்கில் ஏறியது. நாங்கள் கடல் தாண்டிப் போகும்போது இங்கே ஒரு காலி அறைக்கு வாடகை எதற்கு என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

டாக்டர் செலவு என்று ஒரு வரி இருந்தது. எல்லாம் பைசா கணக்கில் இருக்க, அது மட்டும் முழுசாக நூறு ரூபாய். நூறு ரூபாய் அப்போது அவருடைய பாதி மாசச் சம்பளம். கேட்டேன்.

"ஊசி, சர்ட்டிபிகேட்டு, எல்லாம் சேத்துத்தான்," என்றார்.

"ஊசிக்குத் தனியா எழுதியிருக்கீங்களே?"

"பெங்களூரு டாக்டரு. அப்படித்தான் கேக்கறான்." சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அங்கே இருமினார்.

இருமல் எப்போதும் இருந்ததுதான். மிஷின் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இருமுவார்கள். ஆனால் அந்தக் கோடையில் அவர் இருமுவதற்கு வெளியே போக ஆரம்பித்திருந்தார். ஷாப்டிலிருந்து லைனுக்கு வருகிற மேட்டில் பாதியில் நின்று, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். தண்ணீர்க் குழாயடியில் இருந்து பார்த்தால் தெரியும். தினமும் அதே இடத்தில் கயிறு அவிழுமா?

ஆனி மாசம் ஒருநாள், அவர் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம், நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் புதுசாக ஒரு தலைப்பு. 'திரும்பி வர.' அதன் கீழே: முழு டிக்கெட் இரண்டு, அரை டிக்கெட் ஒன்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளை மறந்துவிட்டார். பென்சில் எடுத்து 'அரை டிக்கெட் இரண்டு' என்று திருத்தி, கூட்டலையும் மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தபோது என் திருத்தம் அழிக்கப்பட்டு, பழையபடி ஒன்று என்று மையால் எழுதியிருந்தது.

அப்போது அவர் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னவளை உட்டுட்டீங்க," என்றேன். "நான் எழுதனா அதையும் அழிச்சிட்டீங்க."

"உடலை. மூணு வருஷம் பொறுத்துதானே திரும்பறது. அப்போ பெரியவளுக்குப் பதினாலு. அவளுக்கு முழு டிக்கெட்டு. சின்னவளுக்குப் பத்து. அவளுக்குத்தான் அரை." என்னைப் பார்க்காமல் கயிற்றை இழுத்துக் கட்டினார். எழுந்து போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் எனக்குப் புரியவில்லை. பெரியவளுக்கு ஒரு முழு டிக்கெட். சின்னவளுக்கு அரை. மிச்சம் ஒரே ஒரு முழு டிக்கெட். மூன்று தடவை விரல் விட்டு எண்ணினேன். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் திரும்பி வர டிக்கெட்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். கல்யாண வேட்டிக்கு அடியில் காக்கி நிறத்தில் பெரிய உறை இருந்தது. உள்ளே எக்ஸ்ரே படம். உறைமேல் பெங்களூரில் ஒரு கடைத் தெரு விலாசம். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். படம் பார்க்க எனக்குத் தெரியாது. நெஞ்செலும்புக்கு இரண்டு பக்கமும் மாவு தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். லைனில் இரண்டு வீட்டில் இதே நோயில் ஆட்கள் போயிருந்தார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிடும். எடுக்க வழியில்லை. படத்தோடு சிநேகிதர் எழுதிய இன்னொரு கடிதமும் இருந்தது. அதை அவர் எனக்குக் காட்டவில்லை. அதில் ஒரே ஒரு வரியைத்தான் இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறேன்: 'நீ கேட்டது சரி, அப்படி ஏதாவது ஆனால் அடக்கச் செலவு இங்கே கம்பெனி பார்த்துக்கொள்ளும்.'

அன்றைக்கு அவர் வந்ததும் சாப்பாடு போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பெண்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு, படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மறுக்கவில்லை. "எப்படியும் தெரியத்தானே போவுது," என்றார்.

"நூறு ரூபாய் இதுக்குத்தானா?"

"நல்ல நெஞ்சுன்னு எழுதித் தர்றான். இல்லாட்டி அங்க எடுத்துக்க மாட்டாங்க." நிதானமாகச் சொன்னார், ரேஷன் விவரம் சொல்கிற மாதிரி. "இங்க கம்பெனி ஆஸ்பத்திரியில காட்டினா கீழ இறங்கக்கூடாதுன்னுடுவாங்க. சம்பளம் பாதியாய்டும். நஷ்டஈடு எப்போ வருதோ. நான் போய்ட்டா இந்த வீட்டைக் காலி பண்ணணும். அங்க மூணு வருஷம் வேலை செஞ்சா பூதிகோட்டை பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கலாம். கெணத்தோட. நீ பசங்களைக் கூட்டினு வந்து உங்க அண்ணன் கிட்ட கொஞ்ச நாள் இருந்துட்டு, அப்புறம்..."

"மூணு வருஷம்னு யார் சொன்னது? டாக்டரா?"

"இல்ல. நானா போட்டது."

"ஆறு மாசம்னா?"

படத்தை எடுத்து உறைக்குள் போட்டார்.

"பாஷை தெரியாத ஊர்ல ரெண்டு பொட்டப் பசங்களை வெச்சினு நான் நிப்பேன்னு கணக்கு போட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"கேட்டா நீ வர மாட்டே," என்றார்.

அவ்வளவுதான். அவர் வழக்கம்போல மத்தியானம் வேலைக்குப் போனார். பெங்களூர் டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார். பயணத்தை நிறுத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாவு பிசைந்தாலும் துணி வெட்டினாலும் ஒரு கப்பல் தெரியும். அதிலிருந்து நான் இரண்டு பெண்களோடு இறங்குவேன்.

திங்கட்கிழமை அந்த உறையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியில், தங்கம் பிரித்த பிறகு கொட்டி வைத்த சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மூக்கை மூடிக்கொண்டு நடந்தேன். அங்கே ஒரு வயசான டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். என் வீட்டுக்காரர் பெயரையும் கம்பெனி நம்பரையும் கேட்டார். சொன்னால் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

"நல்லதுதாம்மா பண்ணே," என்றார் டாக்டர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாளே அவருடைய ஷிப்ட் சீட்டைப் பிடித்து வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால் தேவலை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். நோட்டை எடுத்து, எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பெரியவளிடம் கொடுத்தார். அவள் அதில் கணக்குப் பாடம் எழுதினாள்.

அப்புறம் அவரை லேம்ப் ரூமில் போட்டார்கள். கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. சம்பளம் குறைந்தது. அவர் சொன்னபடியே நஷ்டஈட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. வந்தபோது கடனுக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. நான் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் தைத்தேன்.

சிநேகிதர் இன்னொரு மூன்று வருஷ ஒப்பந்தமும் முடித்துவிட்டுத்தான் வந்தார். பூதிகோட்டை ரோட்டில் நிலம் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பாவோடு எங்களைப் பார்க்க வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னிடம், "வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். அவர் நல்ல மனசோடு சொன்னதுதான். நான் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தேன்.

சிநேகிதர் வந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் நானாகவே கேட்டேன். அவர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அப்போதே படுத்தால் மூச்சு முட்டும்.

"நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது தப்பா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். என் கிட்ட சொல்லாம போனியே, அதுதான்."

"நீங்க சொன்னீங்களா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் எழுந்துபோய் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கு அடுத்த மார்கழியில், அதே ஆஸ்பத்திரியில் அவர் போனார். பெரியவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிக் கம்பெனியில் ஒரு அதிகாரி எழுதிக் கொடுத்தார். பிறகு ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் அண்ணன் நிழலில் இருந்தோம். இரண்டு பெண்களும் டைப் அடிக்கப் படித்து வேலைக்குப் போனார்கள்.

போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல வருஷம் கழித்துப் பெரியவளிடம் ஒருமுறை கேட்டேன். எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பா கூட அஞ்சு வருஷம் கிடைச்சுதும்மா," என்றாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் எந்தப் பக்கம் என்று நான் இதுவரை கேட்கவில்லை.